ராமநாதபுரம் கடற்கரையில் மாடல் காற்று ஒட்டவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

டபிள்யூஆர்எஃப் என்ற வானிலைக் கணினி மாடலை ராமநாதபுரம் கடற்கரைக்கு ஓட்டி, பாம்பன் அல்லது தொண்டி நிலைய அளவீட்டோடு ஒப்பிட்டுவிட்டு, “காற்று ஒட்டவே இல்லையே” என்று உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்துச் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். எல்லைப்படலத் திட்டத்தை, அதாவது தரையை ஒட்டிய காற்றடுக்கின் கலக்கலைக் கணக்கிடும் பகுதியை, மாற்றிப் பார்ப்பார்கள். ஒய்எஸ்யூ போட்டு ஓர் ஓட்டம், எம்ஒய்ஜே போட்டு ஓர் ஓட்டம், எம்ஒய்என்என் போட்டு இன்னொன்று. எது குறைந்த பிழை தருகிறதோ அது “இப்பகுதிக்கு ஏற்ற திட்டம்” என்று ஆய்வேட்டில் ஏறிவிடும். செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிற கதை இது.

திட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள். தரையின் சூடும் உராய்வும் எட்டுகிற அடிவளியில் சில மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பல அளவில் சுழிகள் உண்டு. மாடல் பரப்பைச் சதுரங்களாகப் பிரிக்கும் 3 கி.மீ. கட்டத்தில் அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. அவை செய்யும் கலக்கலை ஒரு சூத்திரம் ஈடுகட்டுகிறது. அந்தச் சூத்திரத்துக்குத் தீனி போடுவது தரையும் கடலும்: எவ்வளவு வெப்பம் மேலே போகிறது, எவ்வளவு ஈரம், தரை எவ்வளவு சொரசொரப்பு. தீனி தப்பாக இருந்தால் எந்தத் திட்டமும் தப்பாகத்தான் கலக்கும். இந்தக் கரையில் கடலும் மணலும் கண்மாயும் கருவேலங்காடும் சில கிலோமீட்டருக்குள் மாறி மாறி வருவதால், தீனிதான் முதலில் கெடும். ஆகவே கீழே உள்ள வரிசையில் திட்டத்தை மாற்றுவது கடைசிப் பக்கம் வரை வராது.

எல்லாமே கொஞ்சம் தள்ளி இருக்கிறது

இது மாடலின் கோளாறாக இருப்பது அபூர்வம். மாடலின் கடிகாரம் உலகப் பொது நேரம்; நாம் ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். காலை 8.30 அளவீடு மாடலுக்கு 03 மணி. மணிக்கொரு முறை வெளியீடு எடுத்தால் நம் நேரத்தில் அது எப்போதும் அரை மணியில்தான் விழும். தானியங்கி நிலையத்தின் 11.00 மணித் தரவோடு மாடலின் 11.30-ஐ வைத்துப் பார்த்தால் கடற்காற்று அரை மணி நேரம் முந்தியோ பிந்தியோ வந்ததாகத் தெரியும். அந்த அரை மணியைத்தான் நாம் ஆராயப் புறப்பட்டோம் என்பது தனி வேடிக்கை. 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியீடு எடுங்கள். இல்லையென்றால் டிஎஸ்லிஸ்ட் என்ற நிலையப் பட்டியல் கோப்பில் நிலையத்தின் அகல, நெடுங்கோட்டைக் கொடுங்கள். ஒவ்வொரு காலப்படியிலும் எழுதித் தரும்.

காற்றின் வேகம் நாட் (knot) அலகில் இருக்கிறதா, வினாடிக்கு மீட்டரிலா? ஒரு நாட் வினாடிக்கு 0.514 மீட்டர். திசை, காற்று எங்கிருந்து வருகிறது என்பதா, எங்கே போகிறது என்பதா? லாம்பர்ட் வரைபட வீழலில் ஓட்டியிருந்தால் 10 மீட்டர் காற்றின் இரு கூறுகளும் கட்டத்தின் அச்சையொட்டி இருக்கும். அவற்றை நிஜ கிழக்கு–வடக்குக்குத் திருப்ப வேண்டும். 9 பாகை அகலக்கோட்டில் மெர்கேட்டர் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

இன்னொன்று வீச்சு, அதாவது சில வினாடிக்கு மட்டும் எழும் பலத்த காற்று. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் விழாமல் ரயில் நின்றுவிடும். அது வினாடிக்குச் சுமார் 16 மீட்டர். மாடல் 12 என்று சொல்லும் நாளில் ரயில் நின்றிருந்தால் மாடல் பொய் சொன்னது என்று ஆகாது. மாடல் தருவது சராசரிக் காற்று. சில வினாடி வீச்சு அதைவிட மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடுதலாக இருப்பது சாதாரணம்.

பாம்பனில் பகல் வெப்பம் ஏறவே இல்லை

2 மீட்டர் வெப்பநிலையை நாள் முழுவதும் கோடாக வரையுங்கள். ஒரு பாகைகூட ஏறி இறங்காத தட்டைக் கோடு வந்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது கடலை. நிலையத்துக்கு அருகில் உள்ள கட்டம் என்று மென்பொருள் எடுத்துக் கொடுத்தது நீர்க்கட்டம்.

நிலத்தரவைக் கட்டங்களில் பொருத்தும் ஜியோகிரிட் நிரலின் கோப்பைத் திறந்து, எது நிலம் எது நீர் என்று சொல்லும் லேண்ட்மாஸ்க் மாறியை என்சிவியூ என்ற வரைமென்பொருளில் பாருங்கள். மண்டபத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒவ்வொரு கட்டமாக. 9 கி.மீ. கட்ட டொமைனில் (மாடல் ஓடும் பரப்பு) ராமேஸ்வரம் தீவு ஓரிரு கட்டமாகச் சுருங்கியிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். 3 கி.மீ. டொமைனில் தீவின் மேற்குப் பகுதி நிலமாக நிற்கும்; ராமேஸ்வரத்துக்குத் தென்கிழக்கே போகப் போகத் தனுஷ்கோடி மணல்திட்டு பாதியில் அறுந்துவிடும். கட்டத்தில் பாதிக்கு மேல் நீர் என்றால் அது நீர்க்கட்டம். சில நூறு மீட்டர் அகல மணலுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. மாடலுக்கு அங்கே மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் ஒரே கடல்.

செய்ய வேண்டியது மூன்று. நிலையத்தோடு ஒப்பிட, சுற்றியுள்ள நான்கு கட்டங்களைச் சராசரி எடுக்கும் இருநேரியல் முறையை விடுங்கள். நிலத்தையும் கடலையும் கலந்து எங்குமே இல்லாத ஒரு வெப்பநிலையைத் தரும். அருகிலுள்ள நிலக்கட்டத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். டிஎஸ்லிஸ்ட் வெளியீட்டின் முதல் வரியில் அது எந்தக் கட்டத்தைப் பிடித்தது என்று இருக்கும், அதைப் படிக்காமல் மேலே போகாதீர்கள். தனுஷ்கோடியே உங்கள் பொருள் என்றால் 1 கி.மீ.க்குக் கீழே போகாமல் வழியில்லை.

கட்டம் சரியாக விழுந்தாலும் கரையோரத்தில் ஒரு சிக்கல் மிச்சம். தரைக்கும் காற்றுக்கும் இடையிலான பரிமாற்றத்தைக் கணக்கிடும் மேற்பரப்புத் திட்டங்கள் எல்லாம் மோனின்–ஓபுகோவ் இருவர் 1954-இல் தந்த ஒப்புமைக் கோட்பாட்டின் மேல் நிற்கின்றன. அது தரை நெடுந்தூரம் ஒரே மாதிரி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. கடலிலிருந்து கரையேறும் காற்றுக்கு அப்படியில்லை. சுடுமணலைத் தொட்டதும் அடியில் ஒரு புதிய படலம் முளைத்து, கரையிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். கெழுவை 3 என்று வைத்தால் 100 மீட்டர் உள்ளே 30 மீட்டர் உயரம், 1 கி.மீ. உள்ளே 95 மீட்டர், 10 கி.மீ. உள்ளே 300 மீட்டர். நீரோரம் நிற்கும் கம்பத்தின் காற்றுமானி பாதிக் கடலையும் பாதி மணலையும் அளக்கிறது. 3 கி.மீ. கட்டம் முழு நிலத்தைச் சொல்கிறது. இந்த இடைவெளியை எந்தத் திட்டத்தாலும் மூட முடியாது. பரமக்குடி, முதுகுளத்தூர் போல் உள்ளே தள்ளி இருக்கும் ஓர் இடத்தையும் சேர்த்து ஒப்பிட்டால், பிழை கரையோரத்துக்கு மட்டுமா, எல்லா இடத்துக்குமா என்று பிரிந்துவிடும்.

கச்சான் காலத்தில் தரைக்காற்று மிஞ்சி வருகிறது

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான்தான் இந்தக் கரையின் பெரிய காற்று. மாடல் அதைக் கூட்டிக் காட்டினால் முதலில் நிலப்பயன்பாட்டு வகையைச் சொல்லும் எல்யூ இண்டெக்ஸ் மாறியைப் பாருங்கள்.

மாவட்டத்தின் பெரும்பரப்பில் இப்போது நிற்பது சீமைக்கருவேலம். ஆளுயரத்துக்கு மேல் புதராக அடர்ந்து கிடக்கிறது. வகைப்பாட்டுத் தரவில் அது விளைநிலம் என்றோ திறந்த புதர்வெளி என்றோ பதிவாகியிருக்கும். தரையின் உராய்வை மீட்டரில் சொல்லும் சொரசொரப்பு நீளத்தில் இது பெரிய வித்தியாசம். 25 மீட்டர் உயரத்தில் காற்று வினாடிக்கு 8 மீட்டர் என்று வைத்து, நடுநிலை அடுக்கமைவில் (உயரத்தின் மடக்கைக்கு ஏற்பக் காற்று கூடும் என்கிற) மடக்கை விதிப்படி 10 மீட்டர் உயரத்துக்குக் கணக்குப் போடுங்கள். கடலுக்கு, அதாவது 0.0002 மீட்டர் சொரசொரப்புக்கு, 7.4 வரும். 0.1 மீட்டருக்கு 6.7. 0.5 மீட்டருக்கு 6.1. இது அந்த ஒரு நொடிக் கணக்கு மட்டும். ஓட்டம் நகர நகர அதிக உராய்வு 25 மீட்டர் காற்றையும் இழுத்துப் பிடிக்கும், நிஜ வித்தியாசம் இன்னும் பெரிது.

தரையின் வெப்பத்தையும் ஈரத்தையும் கணக்கிடும் நோவா நிலத்திட்டத்தில் சொரசொரப்புக்கு ஒரு கீழெல்லையும் ஒரு மேலெல்லையும் உண்டு; பச்சை விகிதத்தை வைத்து இடையில் நகரும். கருவேலம் கோடையிலும் பச்சையாக நிற்பதை மாதச் சராசரிப் பச்சைத் தரவு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கமுதி பக்கம் வேலை என்றால் இன்னொன்றும் உண்டு. 2016-இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரை மூடியிருக்கிறது. மாடலோடு இயல்பாக வரும் மோடிஸ் செயற்கைக்கோள் நிலத்தரவு அதற்கு முந்தையது.

வகையைக் கையால் மாற்றும்போது எல்யூ இண்டெக்ஸை மட்டும் மாற்றிவிட்டு நிற்காதீர்கள். வகைவாரி விகிதம், லேண்ட்மாஸ்க், மண் வகை நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். நேம்லிஸ்ட் என்ற அமைப்புக் கோப்பில் மேற்பரப்பு உள்ளீட்டு மூலம் 1 என்று இருந்தால், தொடக்க நிலையைத் தயாரிக்கும் ரியல் நிரல் விகிதங்களிலிருந்து வகையைத் திரும்பக் கணக்கிட்டு உங்கள் திருத்தத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். அது 3 ஆக இருக்கட்டும்.

மிகைக்காற்று கடல்மேல் மட்டும், அதுவும் பாக் விரிகுடாவில் மட்டும் என்றால் காரணம் வேறு. அது ஆழமில்லாத கடல். அலைகள் குட்டையாக, செங்குத்தாக எழும், காற்றுக்கு ஆழ்கடலைவிடக் கூடுதல் உராய்வு. 1955-இல் சார்னாக் தந்த கடல் சொரசொரப்புச் சூத்திரத்தை ஆழ்கடல் மாறிலியோடு அப்படியே போட்டால் இது தப்பிவிடும். ஆழத்தைக் கணக்கில் கொள்ளும் தெரிவு டபிள்யூஆர்எஃப்-இல் இருக்கிறது, திருத்திய மேற்பரப்புத் திட்டம் 1-உடன் மட்டும் வேலை செய்யும்.

வெளி டொமைனையும் ஒரு தடவை பாருங்கள். கச்சான் கன்னியாகுமரியைச் சுற்றியும் ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்கள் வழியாகவும் வந்து, மேற்கே பொதிகைக்கும் கிழக்கே இலங்கை மலைநாட்டுக்கும் இடையே நெருங்கித்தான் மன்னார் வளைகுடாவில் வேகமெடுக்கிறது. இரண்டு மலைகளும் டொமைனுக்குள் முழுசாக இருக்க வேண்டும். எல்லைக்கோடு மலையை அறுத்தால் காற்றும் கெடும், ஓட்டமும் சிஎஃப்எல் பிழையோடு (காலப்படி மிக நீளமாகிக் கணக்கு வெடிப்பது) பாதியில் சாகும். மாவட்டமே தட்டை, இங்கே சிஎஃப்எல் பிழை வந்தால் அது எந்தக் கட்டம் என்று பதிவுக் கோப்பில் பாருங்கள். அனேகமாக மலைப்பக்கம்தான். கி.மீ.யில் சொன்ன கட்ட அளவின் ஆறு மடங்கு வினாடி என்ற வழக்கமான காலப்படியை நான்கு மடங்காகக் குறைத்தால் பெரும்பாலும் தீரும்.

கடற்காற்று முந்துகிறது, அல்லது வருவதே இல்லை

கடற்காற்றை இயக்குவது நிலத்துக்கும் கடலுக்குமான வெப்ப வித்தியாசம். ஆகவே இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கடல் பக்கம்: முதல் மணி வெளியீட்டில் நீர்க்கட்டங்களின் மேற்பரப்பு வெப்பநிலையை மட்டும் வரையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பாக் விரிகுடா 30 பாகைக்கு மேல் போகும், அதாவது 303 கெல்வினுக்கு மேல். மண்டபத்துக்கு வடக்கே ஒட்டிய கட்டங்கள் மட்டும் 298 அல்லது 312 என்று தனியாக நின்றால், உள்ளீட்டுத் தரவின் கரடான கட்டத்தில் இருந்த நிலத்தின் வெப்பம் கடலுக்குள் கசிந்திருக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கி.மீ.தான். கால் பாகை உலகத் தரவுக்கு அது ஒரே ஒரு கட்டம். நுணுக்கமான கடல் வெப்பத் தரவைத் தனியாக எடுத்து, உள்ளீட்டு வானிலைத் தரவைக் கட்டங்களுக்கு மாற்றும் மெட்கிரிட் நிரலில் சேர்ப்பதுதான் வழி. பல நாள் ஓட்டத்துக்குக் கடல் வெப்பப் புதுப்பிப்பை 1 என்று வைக்க மறக்க வேண்டாம். இல்லையென்றால் முதல் நாள் கடலே கடைசி வரை.

நிலப் பக்கம்: இங்கேதான் கண்மாய் வருகிறது. ராமநாதபுரம் பெரிய கண்மாய், ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் போன்றவை ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, கோடையில் வெடித்த களிமண்ணாகக் கிடப்பவை. நிலத்தரவுக்குப் பருவம் தெரியாது. ஒரு கட்டம் நீர் என்று பதிவாகியிருந்தால் வருடம் முழுவதும் நீர். அதற்கு வெப்பநிலை எங்கிருந்து வரும்? பக்கத்துக் கடலிலிருந்து. மே மாத மதியம், சுற்றியுள்ள தரை கொதிக்கையில் அந்த வறண்ட கண்மாய் மட்டும் கடல்போல் குளிர்ந்து கிடக்கும். இரவில் எல்லாம் ஆறியபின் அது மட்டும் சூடாக நிற்கும். அதன் கரையில் இல்லாத ஒரு ஏரிக்காற்று கிளம்பி நிஜக் கடற்காற்றை மறிக்கும். கோடை ஓட்டத்தில் அந்தக் கட்டங்களை வெற்றுநிலமாக மாற்றுங்கள். மழைக்காலத்தில் நீராகவே விட்டு, நாள் சராசரித் தரை வெப்பத்தை ஏரிகளுக்குக் கொடுக்கும் துணைநிரலை ஓட்டுங்கள்.

மண் ஈரமும் இதே பாடு. கோடையில் உலகத் தரவு இங்கே ஈரத்தைக் கூட்டிக் காட்டினால் சூரிய வெப்பம் ஆவியாக்கவே செலவாகும், தரை சுடாது, எல்லைப்படலம் வளராது, கடற்காற்று பிந்தும்.

இரண்டு பக்கமும் சரி, ஆனாலும் திசை விசித்திரமாக இருக்கிறதா? அது சரியான விடையாகவே இருக்கலாம். இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடாவிலிருந்து ஒன்றும், வடகிழக்கே பாக் விரிகுடாவிலிருந்து ஒன்றும் கிளம்பி உள்ளே எங்காவது முட்டிக்கொள்ளும். கச்சான் வலுத்த நாளில் பாக் விரிகுடாக் காற்று கரையைத் தாண்டாது. “இன்னைக்குக் கொண்டல் ஏறாது” என்று பாம்பனில் படகுக்காரர் காலையிலேயே சொல்வது இதைத்தான்; கொண்டல் என்பது கீழைக்காற்று.

இரவில் காற்று அடங்கவில்லை

தை, மாசி இரவுகளில் வாடை தளர்ந்தபின் உள்நாட்டில் காற்று ஏறக்குறைய நின்றுவிடும். மாடலில் மட்டும் வினாடிக்கு 3 மீட்டரில் வீசிக்கொண்டே இருந்தால் செங்குத்து மட்டங்களைப் பாருங்கள். டபிள்யூஆர்எஃப் நான்காம் பதிப்பில் இயல்பாக அமையும் முதல் அடுக்கின் தடிமன் 50 மீட்டர். இரவின் நிலைத்த படலமே 100 மீட்டர் அளவுதான். அதற்கு இரண்டு அடுக்கு. குளிரும் தரையின் விளைவு அந்த 50 மீட்டர் முழுவதும் பரவி நீர்த்துவிடும். அடி 200 மீட்டருக்குள் எட்டுப் பத்து மட்டமாவது இருக்கட்டும். அதற்காக முதல் அடுக்கை 5 மீட்டருக்குக் கொண்டுபோகக் கூடாது. கருவேலங்காட்டுக்கு நடுவில் முதல் மட்டம் மரத்தலைக்குள் விழுந்தால் மடக்கை விதிக்கே பொருளில்லை. 20 மீட்டர் தடிமன் நல்ல சமரசம்.

பழைய நேம்லிஸ்டை நகலெடுத்து ஓட்டுபவர்கள் மேற்பரப்புத் திட்டம் 91 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது டபிள்யூஆர்எஃப்-க்கு முந்தைய எம்எம்5 மாடலின் பழைய முறை. உராய்வுத் திசைவேகத்துக்கு வினாடிக்கு 0.1 மீட்டர் என்று கீழெல்லை வைத்திருக்கிறது, அதனால் எவ்வளவு அடங்கிய இரவிலும் கலக்கல் நிற்காது. 2012-இல் வந்த திருத்தம் எல்லையை 0.001-க்கு இறக்கியது. எண் 1 போடுங்கள்.

எல்லைப்படல உயரம் திட்டத்துக்குத் திட்டம் நூறு நூறு மீட்டராக மாறுகிறது

மாறத்தான் செய்யும். ஒய்எஸ்யூ, மிதப்பையும் காற்று வெட்டையும் ஒப்பிடும் ரிச்சர்ட்சன் எண்ணை வைத்து உயரத்தைச் சொல்கிறது. எம்ஒய்ஜே கொந்தளிப்பு ஆற்றல் எங்கே அற்றுப்போகிறது என்று பார்க்கிறது. எம்ஒய்என்என் வெப்பநிலையையும் ஆற்றலையும் சேர்த்துக் கணிக்கிறது. மூன்றையும் விட்டுவிட்டு, மூன்று ஓட்டங்களின் வெப்பநிலை வரைவிலிருந்தும் ஒரே வரையறையில் நீங்களே கணக்கிடுங்கள். அதற்குப் பிறகும் வித்தியாசம் இருந்தால்தான் அது திட்டங்களின் வித்தியாசம். எம்ஒய்ஜே போட்டால் மேற்பரப்புத் திட்டம் 2 ஆக இருந்தே தீர வேண்டும்.

1 கி.மீ.க்கு இறக்கியதும் கோடு கோடாக வருகிறது

நடுப்பகலில் செங்குத்துக் காற்றை வரைந்தால், கச்சான் திசையில் உழுசால் போட்டது மாதிரி ஏற்றமும் இறக்கமும். பார்க்க அழகாக இருக்கும், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் மேக வரிசையைப் போலவே. அங்கேதான் ஏமாற்றம். நிஜ மேக வரிசைகளின் இடைவெளி எல்லைப்படல உயரத்தைப் போல் இரண்டிலிருந்து நான்கு மடங்கு. படலம் 1 கி.மீ. என்றால் சுமார் 3 கி.மீ. டபிள்யூஆர்எஃப் கட்ட அளவைப் போல் ஏழு மடங்குக்குக் குறைவான அலைகளை உருப்படியாகக் காட்டாது என்று ஸ்காமராக் 2004-இல் நிறமாலையை வைத்துக் காட்டினார். 1 கி.மீ. கட்டத்துக்கு அது 7 கி.மீ. ஆக, 3 கி.மீ. வரிசை அதில் தெரிய வாய்ப்பே இல்லை. தெரிவது வேறு ஏதோ.

சோதனை எளிது. அதே நாளை 1.5 கி.மீ. கட்டத்தில் ஓட்டுங்கள். கோடுகளின் இடைவெளியும் கூடினால் அவை கட்டத்தின் பிள்ளைகள், காற்றின் பிள்ளைகள் அல்ல. சுழியின் அளவும் கட்டத்தின் அளவும் ஒன்றாகிவிடும் இந்த இடைநிலத்தில், சூத்திரம் முழுக் கலக்கலையும் செய்யப் பார்க்கும், மாடல் தானும் பாதியைச் செய்யப் பார்க்கும். வைன்கார்ட் 2004-இல் எச்சரித்தது இதைத்தான். கட்ட அளவுக்கேற்பத் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும் ஷின்–ஹாங் திட்டம், எண் 11, கொஞ்சம் உதவும். என்னைக் கேட்டால் 1 கி.மீ.யில் நின்றுகொண்டு அந்தக் கோடுகளைப் பொருள் கொள்ளாமல் விடுங்கள். அல்லது 100 மீட்டருக்கு ஒரேயடியாகக் குதியுங்கள். 500, 300 மீட்டரில் மாதக்கணக்கில் ஓட்டுவது வீண் மின்கட்டணம்.

100 மீட்டரில் ஓட்டினால் ஒன்று கொதிக்கிறது, இல்லை உறைந்து கிடக்கிறது

பெரிய சுழிகளை மாடலே நேரடியாகக் கணிக்கும் பெருஞ்சுழி முறைக்கு எல்லைப்படலத் திட்டத்தை 0 ஆக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கலக்கல் தெரிவை 4-லேயே விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. 4 என்பது கிடைமட்டத்துக்கு மட்டுமான ஸ்மகொரின்ஸ்கி கலக்கல் சூத்திரம். செங்குத்துக் கலக்கலைச் செய்ய இப்போது யாருமே இல்லை. தரையை ஒட்டி வெப்பம் குவிந்து, முதல் இரண்டு மட்டங்களுக்கு இடையே பல பாகை வித்தியாசம் நிற்கும், செங்குத்துக் காற்று கட்டத்துக்குக் கட்டம் குறி மாறும். பரவல் தெரிவை 2 ஆக்கி, கலக்கலுக்கு 2 அல்லது 3 போடுங்கள். 2 கொந்தளிப்பு ஆற்றலைக் கணிக்கும். 3 முப்பரிமாண ஸ்மகொரின்ஸ்கி.

உறைந்து கிடப்பது வேறு நோய். கச்சான் உள்ளே நுழையும் தென்மேற்கு விளிம்பிலிருந்து பல கி.மீ. தூரத்துக்குச் சுழியே இல்லாமல் வழுவழுவென்று காற்று போகும். பிறகு திடீரென்று உடையும். வெளி டொமைன் கொடுப்பது சுழியில்லாத சராசரிக் காற்று, உள்ளே வந்துதான் சுழி பிறக்க வேண்டும். உள்நாட்டில் கொதிக்கும் தரை அதைச் சீக்கிரம் கிளப்பிவிடும். மன்னார் வளைகுடாவின் மேல் அப்படி உதவி இல்லை, கடல் வழுவழுப்பு, வெப்பப் பாய்வும் குறைவு. டொமைனைக் காற்று வரும் பக்கம் நீட்டுங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால், நுழைவிளிம்பை ஒட்டிய கட்டத் தொகுதிகளில் வெப்பநிலைக்கு அரைப் பாகை அளவில் தாறுமாறான அசைவு கொடுத்துக்கொண்டே இருங்கள். பிறகு விளிம்பிலிருந்து 2, 5, 10 கி.மீ. தள்ளி மூன்று இடங்களில் காற்றின் ஆற்றல் நிறமாலையை எடுங்கள். எங்கிருந்து அது முழுதாக வளர்ந்த கொந்தளிப்புக்குரிய கோல்மோகொரோவின் −5/3 சரிவைப் பிடிக்கிறதோ, அதற்குக் கிழக்கே உள்ளதை மட்டும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, மேற்கே உள்ளதை வெட்டி எறியுங்கள்.